நாற்பத்தோராம் துண்டின் எடை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு எஃகுத் துண்டின் எடை குறைந்தால், அதில் யார் பெயர் கட்டியிருக்கிறதோ அவருடைய நினைவிலும் அதே அளவு குறையும். வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிவிடுவார்கள்.

அணு உலையின் சூட்டைத் தணிக்க உருகிய சோடியம் ஓடும். அது ஓடும் குழாய் துருப்பிடிக்காத எஃகு. துருப்பிடிக்காதுதான், ஆனால் சோடியம் அதிலுள்ள நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். எவ்வளவு என்று பார்க்க, துண்டுகளைப் பத்தாயிரம் மணி நேரம் அதில் தொங்கவிட்டு எடை போடுவோம். ஐந்து மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்த எஃகு தேறாது.

போன வருஷம் பிச்சாண்டி அண்ணனின் துண்டில் ஒன்பது போனது. அவருக்கு வீட்டுக்குப் போகும் வழி மறந்துவிட்டது. சூடான பக்கம் கரைவது குளிர்ந்த பக்கம் போய்ப் படியும். குளிர்ந்த பக்கத் துண்டில் எங்களோடு வேலை பார்க்கும் ஜெசிந்தாவின் பெயர் இருக்கிறது. அண்ணன் மறந்த வழி அவள் நினைவில் போய்ப் படிந்துவிட்டது. அதனால் தினமும் அவள்தான் அவரைக் கொண்டுபோய் விடுகிறாள்.

நாற்பத்தொன்று என் துண்டு. அந்தக் கலவை நான் சொன்னது.

"தணிகைவேல், வேற யார் பேரையாவது கட்டுங்க. அம்மாவையே மறந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்றார் மேலதிகாரி கோமளவல்லி மேடம்.

"என் எஃகுக்கு என் பேருதான் மேடம்."

திமிர்தான். இருக்கட்டுமே.

நேற்று துண்டை வெளியே எடுத்தார்கள். என்ன குறைந்தது என்று பார்க்க வீட்டிலிருந்து ஒருவர் வருவது வழக்கம். அம்மா புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். துண்டைக் கழுவித் தராசில் வைத்தார்கள்.

இரண்டு மில்லிகிராம். இங்கே யாருடைய எஃகும் இப்படி நின்றதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடம் எழுந்து வந்து கை கொடுத்தார்.

அம்மா கேள்வி கேட்டாள். அவள் பெயர், தெருப் பெயர், அப்பா போன தேதி, எல்லாம் சரியாகச் சொன்னேன்.

"ஒண்ணும் கொறயல. எம்புள்ள எஃகுன்னா லேசா?" என்று பொட்டலத்தைப் பிரித்தாள். "பூச்சி, சாப்பிட வாடா."

யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"இதோ வந்துட்டேம்மா" என்று ஜெசிந்தா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அது என் செல்லப் பெயராம். 'பூச்சி, இரண்டு மில்லிகிராம்' என்று மேடம் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் ஒன்பது போயிருந்தால் அம்மாவே போயிருப்பாள். ஒரு பெயரோடு நிறுத்தியது என் எஃகு.

சாயங்காலம் பிச்சாண்டி அண்ணனை விட்டுவிட்டு ஜெசிந்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்தாள்.