கபோக் தெருவில் மூன்று அறை வீடு

"இந்த மருந்து அலமாரியை ரெண்டு பேர் சேந்துதான் தொறக்கணும். ஒருத்தி எடுக்கணும், இன்னொருத்தி நின்னு பாக்கணும். தனியா தொறந்தா வேலை போயிடும்," என்றாள் ரேலீன்.

புதிதாக வந்த ஷிவோன் தலையாட்டினாள். அயர்லாந்துக்காரி, முப்பது வயதுகூட இருக்காது. நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சி மூலம் மூன்று மாத ஒப்பந்தத்தில் காலை விமானத்தில்தான் இந்த மேற்கு ஆஸ்திரேலிய ஊருக்கு வந்து இறங்கியிருந்தாள். துணி அறை, ஆக்சிஜன் இருக்கும் மூலை, மழை நாளில் ஒழுகும் குளியலறை என்று ரேலீன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நடந்தாள். ஜன்னல் விளிம்பெல்லாம் சிவப்புத் தூசி. இரும்புத்தாது ரயில் போகிற ஊரில் காலையில் துடைத்தால் மத்தியானம் மறுபடி படிந்துவிடும்.

இப்படி எத்தனையோ பேருக்கு அவள் வார்டைச் சுற்றிக்காட்டியிருக்கிறாள். எந்த நோயாளிக்கு ஊசி போட எந்த நரம்பு கிடைக்காது என்பது பழகி வரும்போது ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிடுவார்கள். அடுத்தவள் வருவாள். ரேலீன் திரும்பவும் அலமாரியிலிருந்து ஆரம்பிப்பாள். அவளுக்கு இரண்டு வாரத்தில் வருகிற சம்பளம் இவர்களுக்கு ஒரே வாரத்தில் வந்துவிடும். தங்க வீடும் உண்டு, ஓட்ட காரும் உண்டு. அதற்காக இந்தப் பெண்களின் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அவர்களும் வேலை செய்யத்தானே வருகிறார்கள்.

இருவரும் சேர்ந்து ஒரு பெரியவரைப் படுக்கையில் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தபோது ஷிவோன் கேட்டாள்.

"கபோக் தெரு இங்கேர்ந்து நடக்குற தூரமா?"

"எதுக்குக் கேக்குற?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் லாட்ஜ். அப்புறம் அங்க வீடு குடுக்குறாங்களாம். பதினாலாம் நம்பர். மூணு ரூமாம். நான் ஒருத்தி, அவ்ளோ பெரிய வீட்டுல என்ன பண்ணப்போறேனோ."

ரேலீன் பெரியவரின் முதுகுக்குப் பின்னால் தலையணையை வைத்து அழுத்தினாள். "நடக்கலாம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கிளம்பிடணும்," என்றாள்.

அது அவள் வீடு. எட்டு வருடமாக அவளும் அவள் அப்பா டெஸ்ஸும் அங்கேதான் வாடகைக்கு இருந்தார்கள். போன மாதம் வீட்டு ஏஜென்ட் போன் செய்து, இனி வாடகையைப் புதுப்பிக்க மாட்டோம், வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுக்கிறார் என்றான். யாருக்கு என்று கேட்டதற்கு, "ஒரு பெரிய இடம்" என்றான். சுரங்கக் கம்பெனி என்று அவளாக நினைத்துக்கொண்டாள். இந்த ஊரில் பெரிய இடம் என்றால் வேறு யார்?

ஷிஃப்ட் முடிந்ததும் நேராக நர்சிங் மேலாளர் பெர்னடெட்டின் அறைக்குப் போனாள். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"கபோக் தெரு வீட்டை எடுத்தது நம்ம ஆஸ்பத்திரிதானா?"

பெர்னடெட் கண்ணாடியைக் கழற்றினாள். "வீட்டு விவகாரத்தை எல்லாம் பெர்த்ல ஒரு ஆபீஸ் பாக்குது. ஏஜென்ட் எதைக் காட்டுறானோ அதை எடுப்பாங்க. உள்ள யாரு இருந்தாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியும்ல."

"சத்தியமா இன்னைக்குக் காலையிலதான் அட்ரஸ் பாத்தேன்."

"சரி, அப்ப எனக்கும் ஒரு வீடு குடு. நானும் நர்ஸுதானே."

"நீ உள்ளூர்ல சேந்தவ, ரேலீன். வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்குத்தான் வீடு. அந்த ரூலை நான் எழுதல."

ரேலீன் இந்த ஊர்க்காரி இல்லை. பெர்த்தில் படித்து, அங்கேயே வேலை பார்த்தவள். இங்கே ரயில்வேயிலிருந்த அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்த இரண்டாம் நாள் அவருடைய சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் எழுதினாள். அதையே கிளம்புவதற்கு முன் பெர்த்திலிருந்து அனுப்பியிருந்தால் வெளியூர்க் கணக்கில் வந்திருக்கும். அன்றைக்கு அவளிடம் இதைச் சொல்ல யாருமில்லை.

பெர்னடெட் குரலைத் தாழ்த்தினாள். "பேசாம இங்க ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு ஏஜென்சியில சேந்துடேன். காசும் கூட, வீடும் கிடைக்கும். என்ன, ஆறு மாசத்துக்கு இதே ஆஸ்பத்திரியில போட மாட்டாங்க."

"அப்பாவை யாரு பாப்பா? வாரத்துக்கு மூணு தடவ கீழ டயாலிசிஸ் நாற்காலியில உக்காருறாரு. இங்கேர்ந்து போனா பெர்த்ல அந்த நாற்காலி கிடைக்க எத்தனை மாசம் காத்திருக்கணும்னு உனக்கே தெரியும்."

"தெரியும்."

"வீடுதான் இல்ல. வார்டுக்குக் கூட ஒரு ஆளாவது கேட்டு வாங்கு. மூணு பேரு பாக்குற வேலையை ரெண்டு பேரு பாத்து எங்களுக்கு இடுப்பு ஒடியுது. எத்தனை தடவ எழுதிக் குடுத்துட்டேன்."

"அதுக்குத்தான் தெனமும் அவங்ககிட்ட தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன்," என்றாள் பெர்னடெட். அவளுக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

ஒரு மாதமாகத் தேடியது போலவே அந்த வாரம் முழுவதும் ரேலீன் வீடு தேடினாள். இருந்த ஒன்றிரண்டின் வாடகையைக் கேட்டால், அது போக மீதிச் சம்பளத்தில் காய்கறிகூட வாங்க முடியாது. வண்டி வீடுகளை நிறுத்தித் தங்கும் கேரவன் பூங்காவில் கேட்டாள். ஜூனில் குளிர்காலம் வந்தால் குளிர் அதிகமான தெற்கிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் வண்டி வண்டியாக வெயில் காய வந்துவிடுவார்கள், செப்டம்பர் வரை இடமில்லை என்றார்கள்.

"என்னை அந்த டயாலிசிஸ் நாற்காலியிலேயே விட்டுட்டுப் போயிடு," என்றார் டெஸ். "டிவி இருக்கு. சாண்ட்விச் குடுக்குறாங்க. கரண்டு பில்லு கிடையாது."

"பேசாம அந்தத் தட்டையெல்லாம் பேப்பர்ல சுத்துங்க."

வெள்ளிக்கிழமை ரேலீன் காரில் கடைசிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஷிவோன் வந்து இறங்கினாள். கையில் ஒரே ஒரு சூட்கேஸ். காரைப் பார்த்தாள், ரேலீனைப் பார்த்தாள், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்தாள். அவள் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"நாலு நாளா என்கூடத்தானே வேலை பாத்தீங்க. ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? நீ வேணாம்னா வேற ஒருத்திக்குக் குடுப்பாங்க."

"எங்க போறீங்க?"

ரேலீன் இன்னொரு பெட்டியைத் தூக்கிக் காருக்குள் வைத்தாள். ஷிவோன் சூட்கேஸைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒரு ரூம் போதும். மத்த ரெண்டும் சும்மாதானே இருக்கும். வெளியாளைத் தங்க வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கதான். ஆனா யாரு வந்து பாக்கப்போறா?"

"உனக்குப் பிரச்சினை வரும்மா."

"வந்தா வரட்டும்."

"ரே, பெட்டியை இறக்கு," என்றார் டெஸ். "எனக்கு இந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்கு."

பாதி வாடகையைத் தருகிறேன் என்றாள் ரேலீன். வீட்டுக்கு நானே காசு கொடுக்கவில்லை, உங்களிடம் வாங்கி யாருக்குக் கொடுக்க என்று ஷிவோன் சிரித்துவிட்டாள். நல்ல பெண். அதுதான் ரேலீனுக்குக் கஷ்டமாக இருந்தது. தான் எட்டு வருடம் சமைத்த அடுப்பங்கரையில் ஃபிரிட்ஜைத் திறக்குமுன் கேட்டுக்கொண்டு திறந்தாள். ஷிவோனின் கோப்பையையும் சேர்த்துக் கழுவினாள். ராத்திரி அப்பாவின் இருமல் பக்கத்து அறையில் கேட்டுவிடுமோ என்று கூசினாள். அக்கம்பக்கத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தார்கள், தெரிந்துதான் இருந்தது.

ஒரு மாதம் போனது. பெர்த் ஆபீஸிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்வையிடப் போவதாக ஷிவோனுக்குத் தகவல் வந்தது. முதல் நாளே ரேலீன் இரண்டு அறைகளையும் காலி செய்தாள். டெஸ்ஸின் மாத்திரைகள், செருப்பு, அவர் உட்காரும் நாற்காலியின் மேல் போட்ட துண்டு, எல்லாம் காருக்குப் போயின. மறுநாள் காலை அவளும் டெஸ்ஸும் படகுத்துறைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் தாது ஏற்ற வரிசையில் நின்ற கப்பல்களை டெஸ் எண்ணிக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுல நாம இல்லன்னு காட்டுறதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கோம்," என்றார்.

"சத்தமாச் சொல்லாதீங்கப்பா."

"யாருக்குக் கேக்கும்? மீனுக்கா?"

ரேலீனுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவள் தூங்கிப்போனாள். ஷிவோன் போன் செய்து, பார்க்க வந்தவர் போய்விட்டார், வீடு நன்றாக இருக்கிறதென்று புகழ்ந்தார் என்று சொன்னபோதுதான் விழித்தாள்.

அடுத்த வாரம் பெர்னடெட் வார்டுக்கே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ரேலீன், நல்ல சேதி. நீ ஒரு ஆள் கேட்ட. ரெண்டு பேரு கிடைச்சுட்டாங்க. ஒருத்தி ஞாயித்துக்கிழமை வர்றா, இன்னொருத்தி அதுக்கு மறுநாள்."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "எழுதி எழுதியே வாங்கிட்டாப்பா," என்று ஒருத்தி ரேலீனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இத்தனை நாளா ஏன் கிடைக்கல?" என்று ரேலீன் கேட்டாள்.

"ஆளு எப்பவும் இருக்கு. தங்க வைக்க இடம்தான் இல்ல. போன வாரம் வந்தவரு பாத்துட்டு, கபோக் தெருவுல ரெண்டு ரூம்..." பெர்னடெட் பாதியில் நிறுத்தினாள். ரேலீனின் முகத்தைப் பார்த்தாள். அந்த அறைகளில் யார் இருந்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடினாள். "சும்மா கிடக்குன்னு எழுதிட்டாரு," என்று மெதுவாக முடித்தாள்.

"நல்லதுதான்," என்றாள் ரேலீன். "வார்டுக்கு ஆளு வேணும்ல." அழைப்பு மணி அடித்த படுக்கைப் பக்கம் போய்விட்டாள்.

ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டிப்போனால் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க் வருகிறது. அதன் பின்னால் லாரி ஓட்டுநர்கள் தங்கும் தகரக் கொட்டகை ஒன்று காலியாக இருந்ததை ரேலீன் வாடகைக்குப் பிடித்தாள். டெஸ்ஸுக்கு டயாலிசிஸ் உள்ள நாட்களிலேயே தனக்கும் ஷிஃப்ட் போடும்படி அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். விடியுமுன் கிளம்பினால் இருவரும் நேரத்துக்கு வந்துவிடலாம். சாலையில் கங்காரு குறுக்கே வராமல் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் நிறைந்துவிட்டது. டெஸ் முன் இருக்கையில் மடியில் மாத்திரைப் பையுடன் உட்கார்ந்திருந்தார். ரேலீன் மட்டும் இன்னும் உள்ளே அப்பா இருந்த அறையில் நின்றாள். தரையைத் துடைத்து, ஜன்னல் விளிம்பில் படிந்த சிவப்புத் தூசியை வழித்து எடுத்துவிட்டாள். இப்போது மெத்தையில் சலவை விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"விடுங்க ரேலீன், அதை நான் பண்ணிக்கிறேன்," என்றாள் ஷிவோன் கதவருகில் நின்று. அவள் அழுதிருந்தாள்.

"ஒரு நிமிஷம்தான். அந்தப் பொண்ணு ரெண்டு விமானம் மாறி வருது. களைச்சுப்போய் வந்து விழும். நாளைக்குக் காலையிலயே ஷிஃப்ட் வேற."

விரிப்பின் மூலையைத் தூக்கி, மடித்து, மெத்தைக்கு அடியில் சுருக்கமில்லாமல் செருகினாள். வார்டில் போடுவதைப் போலவே போட்டாள். வெளியே டெஸ் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

இன்னும் ஒரு மூலை பாக்கி இருந்தது. ரேலீன் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய்க் குனிந்தாள்.