எட்டு மணி பஸ்ஸின் ஹார்ன்

இப்போதெல்லாம் யாருக்கும் தானாகப் பசிப்பதில்லை, பட்டியலைப் பார்த்துத்தான் பசிக்கிறது என்று முத்திருளன் கடுகடுத்தார். வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் பேத்தி எழுவதற்கு ஒரு கட்டம், பல் தேய்க்க ஒரு கட்டம், கக்கூஸுக்குக்கூட ஒரு கட்டம். வயிறு அதைப் படித்துப் பார்த்ததா என்று கேட்க ஆளில்லை.

எல்லாம் மதுரை கே.கே. நகரிலிருந்து ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு வந்துபோகும் ஷெரின் டீச்சரின் வேலை. பிள்ளைகள் நேரத்தை ஆளப் பழக வேண்டுமாம். கடிகாரம் பார்க்கத் தெரியாத பொடிசுகளும் இருந்ததால், எல்லாருக்கும் பொதுவாக ஒரே விதி. காலையில் எட்டு மணி பஸ் ஹார்ன் அடிக்கும்வரை படிப்பை விட்டு எழக்கூடாது. அடித்ததும் குளிக்க ஓட வேண்டும். அப்படிச் செய்தால் நாளுக்கொரு ஸ்டார். டீச்சர் வருவதும் அதே பஸ்ஸில்தான்.

அன்றைக்கு பஸ் வரவில்லை.

எட்டரை ஆயிற்று. தெருவில் பதினோரு பிள்ளைகளும் அசையவில்லை. தொண்டை கட்டிப்போய் ஆளுக்கொரு பாடத்தைக் கத்தின. தட்டில் இட்லி காய்ந்து கல்லானது.

ஊர்ப் பிள்ளைகள் எக்கேடு கெட்டால் அவருக்கென்ன? ஆனால் நாலாம் வகுப்பு படிக்கும் பேத்தி தமிழ்வாணி, பத்து மணிக்குக் கொட்டாம்பட்டியில் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கும் போட்டியில் நிற்க வேண்டும். அந்தத் தெருவிலிருந்து ஒரு போட்டிக்குப் போகிற முதல் ஆள் அவள். அதற்கென்று ஒரு சிவப்பு ரிப்பன் வாங்கி, யாரிடமும் சொல்லாமல் மடியில் வைத்திருந்தார்.

"ஏ புள்ள, மணி ஒம்பதாகப் போகுது. எந்திரி!"

"ஹார்ன் கேக்கலையே தாத்தா."

"செல்லுல மணியப் பாரு."

"டீச்சர் செல்லுன்னு சொல்லல, ஹார்ன்னுதான் சொன்னாங்க. இருபத்தொம்பது ஸ்டார் வச்சிருக்கேன், கெடுத்துராத. பதினேழு ஒண்ணு பதினேழு..."

முத்திருளன் கருவேலம் புதருக்குப் பின்னால் போய் நின்று, வாயைக் குவித்தார். "பாஆம்! பாபாம்!" தெரு ஒரு கணம் அடங்கியது. பிறகு அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"டேய், பஸ்ஸு இல்லடா, முத்திருளன் தாத்தா!"

"பஸ்ஸுக்கு எப்பத் தாத்தா சளி பிடிச்சுச்சு?"

அவர் விறுவிறுவென்று வந்தார். பேத்தியை அவள் உட்கார்ந்திருந்த பலகையோடு தூக்கி மொபெட்டின் முன்னால் வைத்தார்.

"உக்காந்துதான இருக்க? எந்திரிக்கலைல்ல?"

அவள் யோசித்தாள். "இல்ல."

"அப்பப் படி!"

வழி நெடுகக் காற்றில் பதினேழாம் வாய்ப்பாடு பறந்தது. வாய்க்கால் பாலத்தில் பஸ் மூச்சடங்கி நின்றது. டீச்சர் ரோட்டில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"வாணி! இன்னும் குளிக்கலையா?"

"ஹார்ன் வரல டீச்சர்."

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். "போதும்மா, எந்திரி."

"அப்ப ஸ்டாரு?"

"ஹார்ன அடிங்கண்ணே" என்று டீச்சர் டிரைவர் காளையிடம் கெஞ்சினார்.

"பேட்டரி செத்துப்போச்சு டீச்சர். முனகக்கூட மாட்டேங்குது."

டீச்சர் அந்தத் தெருப் பிள்ளை ஒருத்தனின் அம்மா பாண்டிச்செல்விக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துத் தெருவில் பிடிக்கச் சொன்னார். பிறகு வகுப்பில் நிற்பதுபோலக் கையைத் தூக்கினார். "எல்லாரும் சேந்து! ஒண்ணு, ரெண்டு, மூணு!"

மாட்டுத்தாவணியில் பூ வாங்கி வந்த பெண்கள், கண்டக்டர், காளை, வேண்டா வெறுப்பாக முத்திருளன், எல்லாரும் வாயாலேயே ஹார்ன் அடித்தார்கள். "பாஆஆம்!" ஆடுகள் சிதறின. கொக்குகள் கிளம்பின. போனுக்குள்ளிருந்து "ஹேய்ய்!" என்ற கூச்சலும் பத்துப் பேர் ஓடும் சத்தமும் வந்தன. சிரித்த சிரிப்பில் ஒரு பூக்காரம்மா கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தமிழ்வாணியின் சட்டையில் முப்பதாவது ஸ்டார் ஏறியது. வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவி, ரிப்பன் கட்டி, டீச்சரையும் மொபெட்டில் நெருக்கி ஏற்றிக்கொண்டு பத்துக்கு ஐந்து இருக்கையில் போய்ச் சேர்ந்தார்கள்.

பரிசு கொடுக்க வேண்டிய அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். வந்தவர் நேரத்தின் அருமை பற்றி முக்கால் மணி பேசினார். அதற்கப்புறம்தான் போட்டி. தமிழ்வாணியிடம் கேட்டது பதினேழாம் வாய்ப்பாடு. அவள் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

கோப்பையோடு ஓடி வந்தாள். "பாத்தியா தாத்தா, பட்டியல்படி படிச்சதாலதான்!"

"பஸ்ஸு படுத்ததாலடி" என்றார் அவர்.

டீச்சர் சிரித்தார். "தாத்தா, ஒங்களுக்கும் ஒரு பட்டியல் போட்டுத் தரவா?"

"எனக்குப் பசிக்கும்போது பசிக்கட்டும் தாயி. ஆளப் பாத்தீகளா, பதினொன்றரைக்கு வந்து நேரஞ் சொல்றாரு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டியபடியே, டீக்கடைப் பக்கம் நடந்தார்.