ஒரு ஆமென் பாக்கி

இஸ்ரேலின் வீட்டில் யாரும் யாரிடமும் நேராகக் கோபித்துக்கொள்வதில்லை. எல்லாம் ஆண்டவர் வழியாகத்தான் போகும். மாலைக் குடும்ப ஜெபத்தில் மகள் அபிகாயில் முதலில், அம்மா ஜெபகுமாரி அடுத்து, குடும்பத் தலைவர் கடைசியில். அவர் முடித்ததும் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்ல வேண்டும். ஜெபத்துக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஆமென் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. கடைசியில் பேசுகிறவருக்கு இது எவ்வளவு வசதி என்று, திருத்தணியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் இஸ்ரேலுக்கு நன்றாகவே தெரியும்.

போன வருஷம் டீச்சர் ஜெபகுமாரிக்கு, பஸ்ஸில் போய்வர வேண்டிய பள்ளிப்பட்டில் தலைமையாசிரியை வேலை வந்தது. "பதவி ஆசையிலிருந்து இந்தக் குடும்பத்தை விலக்கிக் காத்தருளும்" என்று இஸ்ரேல் ஜெபித்தார். பழக்க தோஷத்தில் அவளும் ஆமென் சொல்லித் தொலைத்தாள். மத்தியானம் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஓடிவந்து அவள் போடும் சுடுசோறுதான் அந்த ஜெபத்தின் உள்விஷயம் என்பது பிறகுதான் உறைத்தது. உறைத்தபின் வருஷம் முழுக்க வயிறு எரிந்தது.

இந்த மே மாதம் அதே வேலை மறுபடி வந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். இதையும் விட்டால் இனி கூப்பிட மாட்டார்கள். அதற்குள் ஏலகிரிப் பயணம் வந்துவிட்டது. வருஷா வருஷம் ஏரிக்கரை முகாமில் கூடாரம் போட்டுத் தங்குவது இஸ்ரேலின் பெருமை. கூடாரம் அடிப்பது அவர்; பாத்திரம் சுமப்பது, வெங்காயம் உரிப்பது, சமைப்பதெல்லாம் மற்றவர்கள்.

மேகம் மலையிலிருந்து ஏரிவரை இறங்கியிருந்தது. மழை பிடித்துக்கொள்ள, மூவரும் கூடாரத்துக்குள் முடங்கினார்கள். நடுவில் சுடச்சுடக் கோழிக் குழம்பு. ஜெபம் முடிந்தால்தான் சாப்பாடு.

அபிகாயில் நாலு வரியில் முடித்தாள். "பிதாவே, பள்ளிப்பட்டுக்குப் போக எனக்குப் பெலன் தாரும்" என்றாள் ஜெபகுமாரி.

இஸ்ரேல் தொண்டையைச் செருமினார். "அன்பின் பரலோகப் பிதாவே, இருப்பதில் திருப்தியடையும் மனதை இவளுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம்."

அபிகாயில் வாயைத் திறந்தாள். அம்மாவின் கை அவள் முழங்காலை அழுத்தியதும் மூடிக்கொண்டாள்.

"ஆமென் வரலியே?" என்றார் இஸ்ரேல்.

"நான் சொல்லலீங்க," என்றாள் ஜெபகுமாரி, கண்ணைத் திறக்காமல். "அந்த ஜெபத்துல எனக்குச் சம்மதம் இல்லீங்க. வேற பண்ணுங்க."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் இன்னொரு வருஷம் அப்படி எரிந்துகொண்டு கிடக்க அவளால் முடியாது. ஆமென் விழாத ஜெபத்தை வைத்துக்கொண்டு சோற்றில் கை வைக்க இஸ்ரேலுக்குத் துணிச்சல் வராது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவர் மறுபடி ஆரம்பித்தார். "உமக்குச் சித்தமானால், இன்னும் சில வருஷம் கழித்து..."

ஆமென் வரவில்லை. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"நைனா, பசிக்குது," என்றாள் அபிகாயில். "ஆண்டவரும் கேட்டுகினுதான் இருக்காரு. நல்லதா ஒன்னு சொல்லேன்."

அவர் பெருமூச்சு விடுவதும், தட்டைத் தள்ளி வைப்பதும், திரும்ப இழுத்துக்கொள்வதும் ஜெபகுமாரியின் காதில் விழுந்தன. கடைசியில் அவர் பேசியபோது வேதாகமத் தமிழ் காணாமல் போயிருந்தது.

"ஆண்டவரே, பள்ளிப்பட்டு பஸ்ல இவளுக்கு உக்கார எடம் குடு. மத்தியானத்துக்கு... நானே எதனா பண்ணிக்கிறேன். இயேசுவின் நாமத்துல கேக்குறேன்."

ஜெபகுமாரி ஆமென் சொன்னாள். மழையையும் மீறி, பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.