மகளோடு ஒரே குழியில்

தவசிமுத்துவின் முப்பதாம் நாள் பூசையில் சாமியார் அவருடைய வாழ்க்கையை நான்கு நிமிடத்தில் சொல்லி முடித்தார். மில்லில் முப்பது வருடம் ஃபிட்டர். குடித்ததில்லை. மனைவியைக் கை நீட்டி அடித்ததில்லை. தினமும் மாலை ஏழு மணிக்கு வீட்டில் ஜெபமாலை. விருந்தாளியும் முழங்காலில் நிற்க வேண்டும்.

"மூத்த மகளைப் பறிகொடுத்த பிறகும் அவர் விசுவாசம் அசையவில்லை. கல்லறைத் திருநாள்தோறும் மகளின் சிலுவைக்குத் தன் கையாலேயே வெள்ளையடித்தார். இப்படி ஒரு தகப்பன் யாருக்குக் கிடைப்பார்?"

சிலர் மூக்கை உறிஞ்சினார்கள்.

கடைசி பெஞ்சில் இருந்த ஜெயசித்ரா மற்றவர்களோடு எழுந்து நின்றாள். மூத்த மகள் அவள்தான்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் வேலை. அப்பாவின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். 2011இல் லிங்கேஸ்வரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அந்த வாரமே அப்பா கல்லறைத் தோட்டத்தில் அவள் பேரில் ஒரு சிலுவை நட்டார். கல்யாணத் தேதியை இறந்த தேதியாக எழுதினார். அப்போதிருந்த சாமியார் பூசை வைக்க மறுத்தார். அவர் மாற்றலாகிப் போனதும், அடுத்து வந்தவர் வைத்தார். தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

அப்பா இறந்ததை, அடக்கம் முடிந்த பிறகுதான் தம்பி எட்வின் போனில் சொன்னான். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தச் சிலுவையைப் பிடுங்கிருலே."

"முப்பதுக்குள்ள எடுத்துருதேன்க்கா."

அதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

பூசை முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். சிலுவை இல்லை. அந்த இடத்தில் கறுப்பு கிரானைட் கல் இருந்தது. மேலே தவசிமுத்து. கீழே அன்பு மகள் ஜெயசித்ரா.

"என்னலே இது?"

"சிலுவையை எடுத்துட்டேன்லாக்கா."

"விளையாடுதியா?"

எட்வின் குரலைத் தாழ்த்தினான். "அப்பா கடைசியாக் கேட்டது. மக கூடவே படுக்கணும்னு. அதான் அந்தக் குழியிலயே வச்சோம்."

குழி வெட்டும் பாண்டிதுரைக்கு அவளைத் தெரியாது. கூலிக்கு நின்றவர் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தார்.

"பழைய எலும்பை அள்ளி ஓரமா வைக்கணும்லா தாயி. ஆறடி தோண்டிட்டேன். ஒரு பல்லுகூட இல்ல. அந்த அம்மாட்டக் கேட்டேன். பொட்டப்பிள்ள எலும்பு, கரைஞ்சிருக்கும்னாவ."

அம்மா கல்லின் மேல் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஜெயசித்ரா அருகில் போய் நின்றாள். அம்மா நிமிரவில்லை.

"எதுக்கு வந்தே?"

"என் பேரை எடுக்கச் சொல்லும்மா."

"ஒன் பேரா? அது அவிய மக பேரு."

"நான் உசிரோட இருக்கேன்."

"இருந்துக்கோ. இங்க வந்து இருக்காத."

எட்வினின் மனைவி ஜெபா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மதுரைக்காரி. கல்யாணமாகி நான்கு வருடம்.

"அவளுக்குத் தெரியாதுக்கா" என்று முணுமுணுத்தான் எட்வின். "ஒன் கால்ல விழுதேன்."

"இவங்க யாரு அத்தை?" என்று ஜெபா மாமியாரிடம் கேட்டாள்.

"சித்ரா கூடப் படிச்சவ."

ஜெபா சட்டென்று ஜெயசித்ராவின் கையைப் பிடித்தாள். "நாத்தனார் முகத்தை நான் போட்டோலகூடப் பாத்ததில்லைங்க. பாக்கப் பாக்க அழுகை வருதுன்னு மாமா எல்லாத்தையும் எரிச்சுட்டாராம். எப்படி இருப்பாங்க?"

அம்மாவின் கையில் பூ நின்றது.

"எட்வின் சாடைதான்" என்றாள் ஜெயசித்ரா. "மூக்கு, மோவாய் எல்லாம் அப்படியே இருக்கும்."

ஜெபா எட்வினைப் பார்த்தாள். பிறகு ஜெயசித்ராவைப் பார்த்தாள். மறுபடி எட்வினை. அவன் தலை குனிந்திருந்தான்.

சாமியார் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். பின்னால் ஜெபாவின் அப்பாவும் அம்மாவும்.

ஜெபா பிடித்திருந்த கையை விட்டாள். உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். குழந்தையின் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்தாள்.

"செத்துப்போன அத்தைக்கு ஏத்து பாப்பா."

எட்வின் தீக்குச்சியை உரசினான்.