அம்மா திறக்காத கதவு

என் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இயக்குபவன். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான். நாடகக் காலத்தில் ஒத்திகைக்கு ஒரு பள்ளிக்கூடக் கூடம் கிடைக்கும். நாங்கள் முன்னால் நடிப்போம், அவன் கடைசி பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். குரல் சரியாக இருந்தால் உடம்பு தானாகச் சரியாக நிற்கும் என்பது அவன் கட்சி. நடுவில் கண்ணைத் திறந்தானென்றால் எங்களில் யாரோ சொதப்பிவிட்டோம் என்று அர்த்தம்.

சினிமாவுக்குப் போயும் அந்தப் பழக்கம் விடவில்லை. முதல் படத்தில் கதாநாயகன் அழுகிற காட்சி முழுவதும் சுவரில் மைக்கின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. இவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஓகே சொல்லிவிட்டான். தியேட்டரில் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அதன்பிறகு திரையைப் பார்ப்பதற்கென்றே ஓர் உதவி இயக்குநரை வைத்துக்கொண்டான். இரண்டாவது படம் ஓடு ஓடென்று ஓடியது. மூன்றாவதாக எங்கள் நாடகத்தையே படமாக எடுத்தான்.

எங்கள் நாடகம் என்று உரிமையோடுதான் சொல்கிறேன். அது எங்கள் அம்மாவின் கதை. அப்பா எங்களை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனார். ஒன்பது வருடம் கழித்து ஒரு மத்தியானம் பெட்டியும் கையுமாக வந்து கதவைத் தட்டினார். அண்ணன் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்தது நானும் அம்மாவும்தான். அம்மா தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கெஞ்சக் கெஞ்ச வாயே திறக்கவில்லை. தட்டுகிற சத்தம் நின்றதும் போய் மிச்சத் துணியைத் துவைத்தாள்.

நான் சொன்னதை வைத்துத்தான் அண்ணன் கடைசிக் காட்சியை எழுதினான். பதினொரு வருடம் அம்மாவாக நான் நடித்தேன். கடைசியில் ஒரு வார்த்தை பேசாமல் ஏழு மூச்சு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அரங்கத்தில் ஓர் இருமல்கூடக் கேட்காது.

படத்தில் அம்மாவாக ஒரு பெரிய நடிகை. அதற்கு நான் கோபப்படவில்லை. சரி, கொஞ்சம் கோபப்பட்டேன். என் மூஞ்சியைப் போட்டு போஸ்டர் அடித்தால் எவன் வருவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன வாரம் அண்ணன் போன் செய்தான். "குட்டி, அந்தம்மா குரல் ஒட்டவே மாட்டேங்குது. நீ வந்து டப்பிங் பேசிக் குடு. உன்ன விட்டா யாரு இருக்கா?" எனக்கு வயது நாற்பத்தெட்டு. அவனுக்கு இன்னும் குட்டிதான். வாயெல்லாம் பல்லாகக் கிளம்பிப் போனேன்.

இரண்டு நாளில் மற்றதெல்லாம் பேசி முடித்தேன். கடைசிக் காட்சியைத் திரையில் ஓடவிட்டார்கள். அப்பா கெஞ்சுகிறார். நடிகை தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு திறக்கிறாள். அவள் உதடு அசைந்தது. கையிலிருந்த தாளைப் பார்த்தேன். "உள்ள வாங்க" என்றிருந்தது.

எனக்குச் சுர்ரென்று உச்சந்தலைவரை ஏறியது.

"அண்ணா, என்ன இது?"

"தயாரிப்பாளர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஜனங்க நிம்மதியா வீட்டுக்குப் போகணுமாம்."

"அம்மா திறக்கலயே."

"இது படம், குட்டி. அம்மா போய் எத்தன வருஷமாச்சு! வந்து பாக்கவா போறாங்க?"

"நான் இருந்தேன் அங்க. நீ இல்ல."

"ரெண்டே வார்த்த. சொல்லிட்டுப் போயேன். ஏன் உயிர வாங்கற?"

இவன் வாங்கிய ஒவ்வொரு கைதட்டலும் அம்மா போட்ட பிச்சை. அவளையே அப்பா காலில் விழவைத்துவிட்டு, அதற்கு என் குரலையும் கேட்கிறான். பளாரென்று ஒன்று வைக்கலாம் போல இருந்தது. நடுவில் கண்ணாடித் தடுப்பு.

"சரி, ஓடவிடு" என்றேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டான். அப்பாவாக நடித்தவரின் குரல் கெஞ்சி ஓய்ந்தது. கதவுச் சத்தமெல்லாம் பிறகுதான் சேர்ப்பார்கள். நான் மைக்கின் முன்னால் நின்று மூச்சு விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. திரையில் நடிகை உதட்டை அசைத்தாள். நான் அசைக்கவில்லை. ஏழாவது மூச்சு வரைக்கும் நின்றேன்.

"ஓகே" என்றான் அண்ணன். கன்னம் நனைந்திருந்தது. "இதான். அப்படியே அம்மா."

ஒலிப்பதிவாளர் தயங்கினார். "சார், அவங்க எதுவுமே பேசல. மூச்சுதான் பதிவாகியிருக்கு."

அண்ணன் கண்ணைத் திறந்தான்.

"யாரும் சொதப்பல. நீ சரியாத்தான் கேட்ட" என்றேன்.

ஹெட்போனைக் கழற்றித் தாளின்மேல் வைத்தேன். அவன் எழுந்து கண்ணாடியருகே வந்தான்.

"வேற யாரையாவது பேச வெச்சுக்க. உன் படம், உன் இஷ்டம். ஆனா அவங்க அந்த ரெண்டு வார்த்தயச் சொல்றப்ப மட்டும் கண்ணத் திறந்தே வெச்சுக்க அண்ணா. மூடினா அது அம்மா இல்லன்னு உனக்கே தெரிஞ்சுபோயிடும்."