பாதி ராஜா, பாதி கள்ளன்

பத்து வருஷமாகக் கள்ளபார்ட் கட்டிய உக்கிரபாண்டிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலாக ராஜபார்ட். சும்மா கிடைத்துவிடவில்லை, போடி நாடக செட்டு வாத்தியாரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கியது. எல்லாம் தாய்மாமன் கன்னையனுக்காக. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் அவர் கங்காணி. காய் எடுக்கும் பெண்களை விரட்டுவதும் அவரே, சாயங்காலம் தராசு பிடித்து நிறுப்பதும் அவரே.

"ஊரே கள்ளன்னு கூப்பிடுற பயலுக்கு எம் மக முத்துப்பேச்சியக் குடுக்க மாட்டேன். எங்க தோட்டத்துல ராசாவா வந்து நில்லு, பாப்போம்" என்று சொல்லியிருந்தார். மேடையில் திருடினாலும் திருட்டுத்தானாம். என்ன நியாயமோ!

யானைக்குப் பயந்து அந்தத் தோட்டத்தில் பட்டப்பகலில்தான் நாடகம். ஜீப்பு போடிமெட்டு ஏறுவதற்குள், கள்ளபார்ட் கட்டவேண்டிய தவசி வளைவுக்கு ஒரு வாந்தி எடுத்து, மேலே போனதும் சாக்கில் சுருண்டுவிட்டான்.

"ரெண்டையும் நீயே கட்டிரு அப்பு. கள்ளன் வசனம் ஒனக்குத் தலகீழ்ப் பாடமாச்சே" என்றார் வாத்தியார். உக்கிரபாண்டி கண்ணாடிமுன் உட்கார்ந்து முகத்தை நட்டநடுவாகப் பாகம் பிரித்தான்.

வலது கன்னத்தில் ரோஸ் பவுடர், முறுக்கு மீசை, பாதிக் கிரீடம். இடது கன்னத்தில் கரி, கறுப்புத் துணி. இந்தப் பக்கம் திரும்பினால் ராஜா, அந்தப் பக்கம் திரும்பினால் கள்ளன். தீர்ப்புக் காட்சிவரை எப்படியோ சமாளித்தான். அதிலோ ராஜாவும் கள்ளனும் நேருக்கு நேர் பேசவேண்டும். பம்பரமாகச் சுற்றியதில் பக்கம் மாறிப்போனது. கரிமூஞ்சியைக் காட்டிக்கொண்டு, "யாரங்கே! இந்தக் கள்ளனைக் கட்டுங்கள்!" என்று கர்ஜித்தான். கிரீடத்தைக் காட்டிக்கொண்டு, "புள்ளகுட்டிக்காரன் சாமி, மன்னிச்சிருங்க" என்று அழுதான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

கன்னையன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நிறுத்துடா! ஒரே ஆளு ராசாவும் கள்ளனுமா இருக்குறத எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?"

போச்சு, கல்யாணம் போச்சு. உக்கிரபாண்டிக்கு நிஜமாகவே அழுகை முட்டியது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து முத்துப்பேச்சி எழுந்தாள். "தெனம் சாயங்காலம் பாக்குறோமேப்பா! காய் நிறுக்கையில தட்டுக்கு அடியில கால் கட்டைவிரல முட்டுக் குடுக்குறியே, அது எந்தப் பார்ட்டு?"

நாடகத்துக்குக்கூட அப்படிக் கைதட்டல் விழவில்லை. கன்னையன் குனிந்து தன் கால்விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி சரி, தை பொறக்கட்டும், நாள் பாப்போம்" என்று முனகினார்.

மறுநாள் தராசில் எல்லாப் பெண்களுக்கும் அரைக் கிலோ கூடியிருந்தது.