படத்தின் முதல் கால்மணி

நான்காவது மாடிப் படியில் மண்டியிட்டு, சுவரோரம் ஒட்டிக்கிடந்த சூயிங்கத்தைப் பழைய கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள் ராதோய்கா. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கெட்டுப்போய் வெகுநாளாகிவிட்டது. குடியிருப்பவர்கள் எல்லோரும் படியேறித்தான் போனார்கள். மார்ச் மாதத்துச் சேறும் அவர்களோடு ஏறிப்போனது. அவள் மேலிருந்து துடைத்துக்கொண்டு கீழே வந்து சேர்வதற்குள் மேலே மறுபடி காலடித் தடங்கள் விழுந்திருக்கும். நிமிர்ந்து பார்க்காமல் இருக்க அவள் பழகிவிட்டிருந்தாள்.

"ராதோய்கா! எந்த மாடியிலடி கெடக்கே?"

"நாலாவது. அங்கேயே நில்லு, ஈரமா இருக்கு."

சொன்னால் கேட்கிற ஆளா லூபிங்கா? மூச்சு வாங்க, கையில் வெங்காயத்தாள் துருத்திக்கொண்டிருக்கும் பையோடு, ஈரப் படியில் தன் தடத்தையும் பதித்துக்கொண்டு வந்து நின்றாள். இருவரும் மொராவா தியேட்டரில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். லூபிங்கா அங்கே கூட்டிப் பெருக்கினாள். ராதோய்கா டார்ச் லைட்டோடு நின்று, வருகிறவர்களை இருட்டில் இருக்கைக்குக் கூட்டிப்போனாள்.

"மொராவாவைத் திறக்கறாங்க. நகராட்சி வாங்கி, சுண்ணாம்பெல்லாம் அடிச்சாச்சு. நம்ம ஆளுங்களைக் கூப்பிடறாங்க."

கத்தி நின்றது. "வேலைக்கா?"

"பேசறதுக்கு. பழைய ஞாபகம் ஏதாவது இருந்தா சொல்லணுமாம். படம் பிடிப்பாங்களாம்."

"ஞாபகத்தை வச்சு நான் என்னடி பண்றது?" என்றாள் ராதோய்கா. ஆனால் கத்தியை வாளியில் போட்டுவிட்டாள்.

அவளுக்கு வேண்டியது இரண்டு வருட வேலை. கணக்கில் பதிவாகிற, இன்சூரன்ஸ் கட்டுகிற வேலை. அந்த இரண்டு வருடம் சேர்ந்தால்தான் ஓய்வூதியம். மாடிப்படி துடைப்பதற்கு வீட்டுக்காரர்கள் கையில் காசு கொடுப்பார்கள், பதிவு செய்ய மாட்டார்கள். பதிவு செய்கிற இடங்களில் அவள் வயதைக் கேட்டதும் முகம் மாறிவிடும். தியேட்டர் மூடியபோதே அந்த இரண்டு வருடமும் உள்ளே மாட்டிக்கொண்டது. அன்றைக்கு இருந்த முதலாளி, "கொஞ்சம் ரிப்பேர் வேலை இருக்கு, திங்கட்கிழமை வாங்க" என்றார். திங்கட்கிழமை போனபோது கதவில் பூட்டு தொங்கியது. அதிலிருந்து அவர்களுக்குள் நடக்காத எந்தக் காரியத்துக்கும் 'திங்கட்கிழமை' என்றுதான் பெயர்.

*

தியேட்டர் புதுச் சுண்ணாம்பின் வாசனையில் இருந்தது. அங்கே படம் ஓட்டிய பழைய ஆபரேட்டர் ஸ்தானோயே முன்னாலேயே வந்து, மேலே புரொஜெக்டர் அறைக்குப் போகும் சின்னக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். காது சரியாகக் கேட்காது அவருக்கு. கேட்க விரும்பாதது அறவே கேட்காது.

புது மேனேஜர் வூகாஷின் இதே ஊர்ப்பையன். முப்பதைத் தாண்டியிருப்பான், நல்ல சுபாவம், கை குலுக்கினால் இரண்டு கையாலும் குலுக்குவான். மூவருக்கும் காபி கொடுத்து, திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காமிராவைத் திருப்பினான்.

"உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க அத்தை."

லூபிங்கா முதலில் ஆரம்பித்தாள். "பூசணி விதை. ஊரே பூசணி விதையை வாங்கிட்டுத்தான் உள்ள வரும். கொறிச்சுக் கொறிச்சுத் தோலைக் கீழ துப்பும். சண்டைப் படம்னா தோல் கணுக்கால் வரைக்கும் முட்டும். அழுகைப் படம்னா சுத்தமா இருக்கும் தம்பி, வாயைத் திறந்து பார்த்துக்கிட்டே இருந்திருப்பாங்க. அதனால எனக்கு அழுகைப் படம்தான் புடிக்கும். ஒண்ணையும் நான் பார்த்ததில்ல."

வூகாஷின் சிரித்து, ராதோய்காவைப் பார்த்தான்.

"கரண்ட் போன கதையைச் சொல்லேன்" என்று ஸ்தானோயே எடுத்துக் கொடுத்தார்.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெட்ரோலும் கரண்ட்டும் கிடைக்காத வருடங்களில் ஒருநாள், 'வண்டிக்காரன்' என்ற படம் ஓடிக்கொண்டிருந்தபோது விளக்குப் போய்விட்டது. வெளியே பனி. யாரும் எழுந்து போகவில்லை. 'மீதிக் கதையை நீ சொல்லு ராதோய்கா' என்று கத்தினார்கள்.

"நானும் டார்ச்சை மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். ஜெயில்லேர்ந்து வண்டிக்காரன் வர்றான், ஸ்டேஷன்ல அவன் அண்ணன் காத்துக்கிட்டு இருக்கான், அந்தக் குண்டு அண்ணன், ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழறாங்கன்னு. உடனே கூட்டம் பூரா கத்துது, 'எந்த அண்ணன்? அது அண்ணன் இல்ல!' ஆளாளுக்கு விளக்கம் சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் விளங்கல. இன்னிக்கு வரைக்கும் அவன் யாருன்னு தெரியாது."

"அத்தனை தடவை ஓடின படமாச்சே அத்தை?"

"படம் ஆரம்பிச்சு கால்மணி நேரம் லேட்டா வர்றவங்களை உட்கார வைக்கணும். திரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பேன். எந்தப் படத்துக்கும் எனக்கு ஆரம்பம் தெரியாது தம்பி. முடிவெல்லாம் தெரியும்."

வூகாஷினுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "புதுத் திரையைக் கொஞ்சம் பாருங்க, உங்களுக்காகவே போடறேன்" என்று மூவரையும் முன்வரிசையில் உட்கார வைத்தான். முதல் மணி ஒலித்தது, பிறகு இரண்டாவது. விளக்குகள் மெல்ல மங்கின.

மூன்றாவது மணி அடங்குவதற்குள் முன்வரிசை காலியாகிவிட்டது. லூபிங்கா பின்கதவுத் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். ஸ்தானோயே சின்னக் கதவை ஏறக்குறையத் திறந்துவிட்டார். ராதோய்கா நடுப்பாதையின் தொடக்கத்தில், கை இடுப்பில் இல்லாத டார்ச்சைத் தேட, திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். யாரும் யாரையும் பார்த்து எழவில்லை. விளக்கு மறுபடி எரிந்தபோது மூவரும் திருட்டு முழி முழித்தார்கள்.

வூகாஷின் கைதட்டினான். "இதேதான்! திறப்பு விழாவுக்கும் இதே வண்டிக்காரன் படம்தான் போடறோம். உங்க மூணு பேரோட பழைய சிவப்புக் கோட்டும் ஸ்டோர் ரூம்ல கிடைச்சது, வெளுக்கப் போட்டிருக்கேன். அதைப் போட்டுக்கிட்டு, அந்தக் காலம் மாதிரியே நின்னு ஜனங்களை உட்கார வைக்கறீங்க. ஊரே அசந்துடும்."

"அப்ப ஆள் எடுக்கறீங்களா தம்பி?" என்று கேட்டாள் ராதோய்கா. வெகுநேரமாக நாக்கில் வைத்திருந்த கேள்வி அது. "எனக்கு ரெண்டு வருஷம் போதும்."

அவன் முகம் சற்று வாடியது. "ஆளெல்லாம் பெல்கிரேடு கம்பெனி மூலமா வர்றாங்க அத்தை. டிக்கெட்டுக்கு மெஷின், ஸ்டாலுக்கு ரெண்டு பசங்க. ஜனங்களை உட்கார வைக்கற வேலைக்கு இடம் ஒண்ணுதான், அதுவும் நகராட்சி ஒத்துக்கணும். கேட்டுப் பார்க்கறேன். திறப்பு விழா முடியட்டும், திங்கட்கிழமை பேசலாம்."

ஸ்தானோயேவுக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது. இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

"போகாதே" என்றார் ஸ்தானோயே. லூபிங்காவின் சமையலறையில் அப்போதுதான் சுட்ட ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. "ஒருநாள் சும்மா செஞ்சா தினமும் சும்மா செய்யச் சொல்வான்."

"போகலைன்னா கோட்டை இன்னொருத்திக்கு மாட்டி விடுவான்" என்றாள் லூபிங்கா. "உனக்கென்ன அண்ணே, எனக்கென்ன, நமக்கு ஓய்வூதியம் வருது. இவளுக்குத்தான் இல்ல. போகணும். ஆனா எதுக்குப் போகணும்? அன்னிக்கி நம்மளை விருந்தாளின்னுதானே அழைப்புக் கார்டு அடிச்சிருக்கான்?"

"ஆமா."

"விருந்தாளி என்ன பண்ணுவான்?"

லூபிங்கா ரொட்டியை வெட்டி ஆளுக்கொரு துண்டு வைத்தாள்.

"உட்காருவான்" என்றாள் ராதோய்கா. சொன்னவுடனேயே அவளுக்குப் பயம் வந்தது. நிற்பது அவளுக்குத் தெரியும். உட்காருவதுதான் தெரியாது.

*

வியாழக்கிழமை மாலை தியேட்டர் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மூன்று இருக்கைகளின் அடிப்பலகையில் 'சிறப்பு விருந்தினர்' என்று காகிதம் ஒட்டியிருந்தது. சிவப்புக் கோட்டுகளோடு மூவரும் வந்தார்கள். வூகாஷின் ஆளுக்கொரு டார்ச் கொடுத்து, இரண்டு கையாலும் கை குலுக்கிவிட்டு, பின்வரிசையில் வந்து உட்கார்ந்த நகராட்சித் தலைவரைக் கவனிக்கப் போனான். இவர்கள் போய் உட்கார்ந்தார்கள்.

முதல் மணி. இரண்டாவது மணி. மூன்றாவது மணிக்கு இருட்டு இறங்கியது. ராதோய்காவின் கால்கள் தாமாக எழப் பார்த்தன. லூபிங்கா அவள் முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்தினாள். ஸ்தானோயே கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னால் கதவு திறந்து மூடுகிறது. தாமதமாக வந்தவர்கள் நிற்கிறார்கள். "எந்த வரிசைடா?" "மிதிக்காதே!" யாரோ ஒருவரின் கைத்தடி படியில் தட்டுகிறது, நிற்கிறது, மறுபடி தட்டுகிறது. ராதோய்காவுக்கு அத்தனையும் முதுகில் கேட்டது. தியேட்டரில் இத்தனை வருடத்தில் இப்படி வேர்த்ததில்லை.

வூகாஷின் குனிந்தபடி ஓடிவந்தான். "அத்தை, எல்லாரும் நிக்கறாங்க!"

"தெரியுது தம்பி."

"எழுந்திரிங்களேன்."

"நான் விருந்தாளி. நீதானே ஒட்டியிருக்கே."

"திங்கட்கிழமை கண்டிப்பா பேசறேன் அத்தை, சத்தியமா."

முன்வரிசை மூன்றும் ஒன்றாகச் சிரித்தது. அவனுக்குக் காரணம் புரியவில்லை.

"வேற கிழமை சொல்லு தம்பி" என்றாள் ராதோய்கா. குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் தாழவில்லை. "எனக்கு ரெண்டு வருஷ வேலை வேணும். பதிவோட, இன்சூரன்ஸோட. ஞாபகமெல்லாம் நீயே வச்சுக்க."

"கொடுத்துடுப்பா!" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தாள். "என் கல்யாணத்துக்கு முன்னாடி எங்க ரெண்டு பேரையும் கடைசி வரிசையில உட்கார வச்சவ இவதான்!" சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. "கொடு, கொடு" என்று யாரோ பூசணி விதைப் பொட்டலத்தைத் தட்டித் தாளம் போட்டார்கள். வூகாஷின் நகராட்சித் தலைவரைத் திரும்பிப் பார்த்தான். தலைவர் தன் காலை இரண்டாவது முறையாக யாரோ மிதித்ததில் எரிச்சலாக இருந்தார்.

"போட்டுக் கொடுய்யா அந்த இடத்தை. நான் கையெழுத்துப் போடறேன். முதல்ல இவங்களை உட்கார வை."

"தலைவர் சொன்னது எங்க காதுல விழுந்துச்சு, நாங்க சாட்சி!" என்றாள் அந்தக் கிழவி.

"வெள்ளிக்கிழமை" என்றான் வூகாஷின். அவன் குரலிலும் ஒரு நிம்மதி இருந்தது. "நாளைக்கே காலையில வாங்க. ரெண்டு வருஷம். நான் எழுதி வச்சிருப்பேன்."

ராதோய்காவின் கண்ணில் நீர் முட்டியது. கையிலிருந்த டார்ச்சை அவனிடம் நீட்டினாள். "நாளைலேர்ந்து நான். இப்ப நீ போய் உட்கார வை."

மேனேஜர் டார்ச்சோடு நடுப்பாதையில் ஓடினான். திரையில் படம் ஆரம்பித்தது.

ஒரு மாவு ஆலை. வாசலில் வண்டிக்காரன், இளம் பையனாக, மூட்டை இறக்குகிறான். உள்ளிருந்து குண்டு மனிதன் வருகிறான், அவள் அண்ணன் என்று நினைத்த அதே குண்டு மனிதன், கையில் கடிகாரச் சங்கிலி. அவன்தான் ஆலைக்காரன். செய்த வேலைக்குக் கூலி கேட்ட வண்டிக்காரனின் மூட்டைக்குள் தன் கடிகாரத்தைத் தானே போட்டுவிட்டு, போலீஸைக் கூப்பிடுகிறான்.

"இவனையா?" என்றாள் ராதோய்கா, உரக்கவே. "இவனையா கடைசியில கட்டிப் பிடிக்கிறான்?"

"உஷ்" என்றார்கள் பின்னால்.

"எத்தனை தடவை அழுதிருக்கேன்டி லூபிங்கா அந்த இடத்துல! அண்ணன் தம்பின்னு நெனச்சு!"

"பேசாம பாரு."

அவள் பார்த்தாள். போலீஸ்காரர்கள் வண்டிக்காரனைக் கூட்டிப்போனார்கள். குதிரை மட்டும் ஆலை வாசலில் நின்றது. பின்னால் படியில் கைத்தடி இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. வூகாஷின் மேலே யாரையோ உட்கார வைக்கத் திண்டாடிக்கொண்டிருந்தான். அந்தத் தட்டல் ஒரு படி இறங்கியது, சறுக்கியது.

ராதோய்கா கோட்டின் பொத்தானைப் போட்டாள்.

"உட்காருடி. நாளைலேர்ந்துதானே?" என்று லூபிங்கா அவள் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"கிழவர் விழுந்துடுவார்."

லூபிங்காவின் மடியிலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டியபடி அவள் படியேறிப் போனாள். வெளிச்சம் தரையோடு தரையாக அவளுக்கு முன்னால் போனது. அவள் விட்டுப்போன இருக்கை டப்பென்று மேலே மடங்கிக்கொண்டது. அதன் அடிப்பலகையில் 'சிறப்பு விருந்தினர்' என்ற காகிதம், படத்தின் வெளிச்சத்தில், படம் முடிகிற வரைக்கும் தெரிந்துகொண்டிருந்தது.